ஷார்ட் டேர்ம் மெமரி: சோதிப்பதற்கு முன்னால் அது எது என்று தெரிந்துகொள்வோம்

போன மாதம் பெரியம்மா சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போய்விட்டு வந்து கட்டைப்பையைத் தரையில் வைத்தார். மிளகாய், மல்லி, வெல்லம் எல்லாம் இருந்தது. புளி மட்டும் இல்லை. அவர் கிளம்பியதே புளி வாங்கத்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ் வந்துடுச்சு கண்ணு. சினிமாவுல காட்டுவாங்களே, அதேதான்."

குரலில் உண்மையான பயம் இருந்தது. அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனவர். பெரியம்மாவுக்கு இப்போது 66 வயது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன்: 9, 4, 1, 7, 3, 8, 5. வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னார். எட்டு எண்கள் சொன்னேன். அதையும் சொன்னார். "உங்க ஷார்ட் டேர்ம் மெமரி என்னோடதை விட நல்லா இருக்கு பெரியம்மா" என்றேன்.

"அப்ப புளி எங்கடா போச்சு?"

நியாயமான கேள்வி. கல்லூரியில் நான் உளவியல் படித்தேன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். அப்படியிருந்தும் அன்றைக்கு அவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## தட்டுவடைக் கடைப் பலகை

சேலத்தில் சாயங்காலம் ஏதாவது ஒரு தட்டுவடை செட் கடை முன்னால் நின்று பாருங்கள். கடைக்காரர் முன்னால் ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் தட்டுவடைகளைப் பரப்பி, சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி நீட்டுவார். பலகையில் ஒரு நேரத்தில் ஐந்தாறு செட்டுக்குத்தான் இடம். புதிதாக ஒன்று வைக்க வேண்டும் என்றால், இருப்பதில் ஒன்றை யார் கையிலாவது கொடுத்தாக வேண்டும். அவருக்குப் பின்னால் டின்களில் தட்டுவடையும் முறுக்கும் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

அந்தப் பலகைதான் குறுங்கால நினைவு. ஷார்ட் டேர்ம் மெமரி என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த நொடியில் மனதில் பிடித்து வைத்திருக்கும் சின்ன அளவு அது. ஒருவர் ஓடிபி எண்ணைப் படிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்கிறாரே, அந்த இடைவெளிதான் அதன் ஆயுள். டின்கள் நீண்டகால நினைவு, அதாவது அந்தச் சில விநாடிகளைத் தாண்டி நிற்கும் எல்லாமே.

இந்த "எல்லாமே" என்ற சொல்லில்தான் பலரும் தவறுகிறோம். ஷார்ட் டேர்ம் என்றால் நேற்று நடந்தது, இந்த வாரம் படித்தது, காலையில் சாப்பிட்டது என்று நினைக்கிறோம். நினைவைப் பற்றி ஆராய்கிறவர்கள் அப்படிப் பிரிப்பதில்லை. பத்து நிமிடம் முன்னால் சாவியை எங்கே வைத்தோம் என்பதும், நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்த கல்யாணமும் அவர்கள் கணக்கில் நீண்டகால நினைவின் பக்கம்தான் வரும்.

ஓர் இடத்தில் இந்த ஒப்புமை உதவாது. பலகையில் வைத்த தட்டுவடை தானாக மறையாது. மனதில் வைத்ததோ கவனிக்காமல் விட்டால் மறைந்துவிடும்.

## இரண்டு வளைவுகளுக்கு நடுவே

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை பேருந்தில் மேலே போகும்போது, பக்கத்தில் இருந்தவர் தெரிந்த ஒருவரின் போன் நம்பரைச் சொன்னார். என் போனில் சார்ஜ் இல்லை. நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். நடத்துனர் வந்தார், டிக்கெட் கேட்டார், சில்லறை இருக்கிறதா என்றார். எண்ணிக் கொடுத்தேன். அடுத்த வளைவில் பேருந்து திரும்பும்போது நம்பர் போய்விட்டிருந்தது. முதல் மூன்று எண்கள் மட்டும் மிச்சம்.

இதையே 1959ல் அமெரிக்காவில் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் என்ற தம்பதி முறையான பரிசோதனையாகச் செய்தார்கள். மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்வார்கள். உடனே ஓர் எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். கழித்துக்கொண்டிருக்கும் வாயால் எழுத்துகளைச் சொல்லிப் பார்க்க முடியாது. 18 விநாடி கழித்துக் கேட்டபோது, சரியாகச் சொன்னது பத்தில் ஒரு முறை அளவுக்குத்தான். வெறும் மூன்று எழுத்துகள்!

ஏன் போகிறது? ஒரு காரணம், மனதுக்குள் திரும்பச் சொல்லிக்கொள்வதை நிறுத்தினால் தடம் மங்குகிறது. இன்னொரு காரணம், புதிதாக வந்தது பழையதோடு கலந்து குழப்புகிறது. எது எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. இரண்டுமே நடக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: குறுங்கால நினைவு சில விநாடிச் சமாச்சாரம். அது சீக்கிரம் அழிவது நோய் இல்லை, அதன் இயல்பே அதுதான்.

## பலகை இருந்தது, டின் நிரம்பவில்லை

சினிமாவில் ஒருவர் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறந்துவிட்டு, உடம்பில் எழுதி வைத்துக்கொண்டு திரிவார். அதற்கு ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆனால் பதினைந்து நிமிடம் பேசி, சண்டை போட்டு, திட்டம் போட முடிகிறவருக்குக் குறுங்கால நினைவு நன்றாகத்தான் வேலை செய்கிறது. புதிய நீண்டகால நினைவு உருவாகாததுதான் அவருடைய சிக்கல்.

நிஜ வாழ்க்கையில் அப்படி ஒருவர் இருந்தார். ஹென்றி மொலைசன், அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953ல், 27 வயதில், அவர் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்பது காதுகளுக்கு நேராக உள்ளே, கடற்குதிரை போல வளைந்து இருக்கும் மூளைப்பகுதி. புதிய அனுபவங்களை நீண்டகால நினைவாக மாற்ற அது வேண்டும். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு 2008ல் இறக்கும் வரை, நேற்றுப் பார்த்தவரை அவருக்கு இன்று தெரியவில்லை.

அவருடைய குறுங்கால நினைவு கிட்டத்தட்ட எல்லாரையும் போலவே இருந்தது. பேசினால் பேசுவார், எண் சொன்னால் திருப்பிச் சொல்வார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரோடு வேலை செய்தார். ஒருமுறை 5, 8, 4 என்ற எண்களை நினைவில் வைக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்தும் அவர் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு விளக்கினார்: 8ஐ மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும், மூன்றையும் கூட்டினால் 17, அதில் 8 போனால் 9, ஒன்பதைப் பிரித்தால் 5ம் 4ம், ஆக 584. அத்தனை நேரமும் இதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய ஒரு நிமிடத்தில், எண் மட்டுமில்லை, எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பலகையும் டின்னும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அந்த மனிதர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகச் சோதனைகளுக்கு உட்கார்ந்ததால்தான் இது நமக்குத் தெரிந்தது.

## ஏழா, நான்கா?

1956ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே நேரத்தில் நாம் பிடித்து வைக்கக்கூடியது ஏழு, இரண்டு கூடலாம் இரண்டு குறையலாம் என்றார். இந்த ஏழு உலகம் முழுக்கப் பிரபலம். ஆனால் அவர் சொன்னது ஏழு எண் அல்ல, ஏழு கொத்து. சாவிக்கொத்தில் எத்தனை சாவி இருந்தாலும் கையில் எடுப்பது ஒன்றுதான் இல்லையா, அப்படி. நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகச் சேர்ந்து வருவதெல்லாம் ஒரு கொத்து.

இந்த எண்ணைப் பாருங்கள்: 04276361947. மொத்தம் 11 இலக்கம். வேறு மாநிலத்துக்காரரிடம் சொன்னால் திணறிவிடுவார். சேலத்துக்காரருக்கு இது மூன்றே கொத்து. 0427 நம் ஊர் எஸ்டிடி கோடு, 636 நம் பின்கோடின் தொடக்கம், 1947 எல்லாருக்கும் தெரிந்த வருடம். உங்கள் பலகை பெரிதாகிவிடவில்லை. டின்னில் இருந்ததை வைத்துப் பலகையில் இருப்பதைக் கட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

திரும்பச் சொல்லிக்கொள்ளவும் விடாமல், கொத்தாகக் கட்டவும் விடாமல் சோதித்தால் மிஞ்சுவது மூன்றிலிருந்து ஐந்துதான் என்று 2001ல் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். ஆகவே ஏழு என்பது கொஞ்சம் உதவி சேர்ந்த கணக்கு, நான்கு என்பது உதவி இல்லாத கணக்கு.

## மனதுக்குள் பேசும் குரல்

எண்ணையோ சொல்லையோ பிடித்து வைக்க நாம் உள்ளுக்குள் பேசிக்கொள்கிறோம். அந்தக் குரல் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வருவதற்குள் முதல் சொல் மங்கிவிடக் கூடாது. 1975ல் உளவியலாளர் ஆலன் பாட்லியும் அவருடைய சகாக்களும் அளந்ததில், சுமார் இரண்டு விநாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் நிற்கிறது என்று தெரிந்தது. அதனால் நீளமான சொற்கள் குறைவாகவே தங்கும்.

சோதித்துப் பாருங்கள். பூ, கல், தறி, மீன், மழை என்று ஒருவர் சொல்ல, நீங்கள் வரிசையாகத் திருப்பிச் சொல்லுங்கள். அப்புறம் இது: கொண்டலாம்பட்டி, கன்னங்குறிச்சி, செவ்வாய்ப்பேட்டை, அயோத்தியாப்பட்டணம், பனமரத்துப்பட்டி. இரண்டிலும் ஐந்தைந்துதான். எல்லாம் சேலத்துக்காரருக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களாக இருந்தும் இரண்டாவது பட்டியல் கனமாக இருக்கும்.

இதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. தமிழ் மட்டுமே பேசுகிறவர்கூட போன் நம்பரை "நைன் எய்ட் ஃபோர்" என்றுதான் சொல்கிறார். பள்ளிப் பழக்கம், கடைப் பழக்கம் எல்லாம் அதற்குக் காரணம். ஆனால் ஒன்பது, எட்டு, நான்கு என்பதைவிட அது சொல்ல நேரம் குறைவு என்பதும் உண்மை. வேல்ஸ் நாட்டில் இரண்டு மொழி தெரிந்தவர்களிடம் 1980ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கண்டது. வெல்ஷ் மொழியில் எண்களின் பெயரைச் சொல்ல நேரம் கூடுதலாக எடுக்கிறது. அதனால் அதே ஆட்களுக்கு ஆங்கிலத்தைவிட வெல்ஷில் நினைவில் நின்ற எண்கள் குறைவு. எனவே உங்களைச் சோதிக்கும்போது மொழியை மாற்றாதீர்கள். ஒரு நாள் தமிழிலும் மறுநாள் ஆங்கிலத்திலும் செய்துவிட்டு ஞாபகசக்தி கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

இதுவரை: பலகை சிறியது, அதில் வைப்பதைக் கொத்தாகக் கட்டலாம், உள்குரல் அதை உயிரோடு வைத்திருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் சோதனைக்குப் போகலாம்.

## சரி, சோதிப்போம்

நினைவைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர்களில் முன்னோடி ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ். அர்த்தமில்லாத அசைகளைத் தானே தயாரித்து, தானே மனப்பாடம் செய்து, தானே அளந்து 1885ல் நூலாக வெளியிட்டார். அவருடைய ஆய்வில் சோதிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். நமக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. இன்னொருவரின் குரலும் ஒரு கடிகாரமும் போதும்.

எண் வரிசையில் தொடங்குங்கள். ஜோசப் ஜேக்கப்ஸ் 1887ல் லண்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து பார்த்த பழைய முறை இது. ஒருவர் விநாடிக்கு ஓர் எண் என்ற வேகத்தில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்க வேண்டும். "ஐந்து-ஒன்பது, இரண்டு-ஏழு" என்று ஜோடி சேர்த்துப் படித்தால் அவரே கொத்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறார், மதிப்பெண் பொய்யாகிவிடும். முடித்ததும் நீங்கள் அதே வரிசையில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு.

5 எண்: 5 9 2 7 4 / 8 3 1 6 2
6 எண்: 2 7 4 9 1 5 / 6 1 8 3 9 4
7 எண்: 3 6 2 8 5 1 7 / 9 4 1 7 3 8 5
8 எண்: 7 3 9 2 5 8 1 6 / 5 8 2 6 9 1 4 7

ஒரு நீளத்தில் இரண்டுமே தவறினால் நிறுத்திவிடுங்கள். கடைசியாக ஒன்றாவது சரியாக வந்த நீளம்தான் உங்கள் அளவு. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வரும். இந்தப் பட்டியலை இப்போது படித்துவிட்டீர்கள் என்பதால், உங்களுக்கு வேறு எண்களை வேறொருவர் எழுதட்டும்.

அடுத்து, வேறு எண்களைக் கொடுத்துக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். பொதுவாக ஒன்றிரண்டு குறையும். இங்கே பிடித்து வைப்பதோடு, வைத்ததைப் புரட்டவும் வேண்டியிருக்கிறது. அப்படி வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறனுக்குச் செயல்படு நினைவு என்று பெயர். மனக்கணக்குப் போடும்போது வேலை செய்வது இதுதான்.

மூன்றாவது, பீட்டர்சன் தம்பதியின் சோதனை. சொல்லாகச் சேராத மூன்று எழுத்துகளைச் சொல்லச் சொல்லுங்கள், "ளு, டே, மோ" என்பது போல. உடனே 300லிருந்து மும்மூன்றாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: 297, 294, 291... 18 விநாடி ஆனதும் எழுத்துகளைக் கேட்கட்டும். முதல் முறை பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவீர்கள். "இது ஒன்றுமே இல்லையே" என்று நிறுத்திவிட வேண்டாம். வேறு வேறு எழுத்துகளோடு ஐந்தாறு முறை செய்யுங்கள். முந்தைய எழுத்துகள் இப்போதையதில் வந்து கலப்பதை நீங்களே உணர்வீர்கள். முன்னால் சொன்ன குழப்பம் இதுதான்.

கடைசியாக ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது இது. குடை, மாம்பழம், சாவி, தறி, மிளகு, ஏணி, கொலுசு, மேகம், பேனா, கிணறு, சீப்பு, நாற்காலி. பன்னிரண்டையும் ஒருவர் நிதானமாகப் படிக்கட்டும். முடித்த உடனே, எந்த வரிசையிலும், நினைவுக்கு வருவதை எழுதுங்கள். முதலில் வந்த சிலதும் கடைசியில் வந்த சிலதும் எழுதியிருப்பீர்கள், நடுவில் உள்ளது விட்டுப்போயிருக்கும். மறுநாள் வேறு பன்னிரண்டு சொற்களோடு செய்யுங்கள். இந்த முறை படித்து முடித்ததும் 30 விநாடி எண்களைக் கழித்துவிட்டு எழுதுங்கள். கடைசிச் சொற்கள் போயிருக்கும். முதல் சொற்கள் இருக்கும். நேற்று கடைசிச் சொற்கள் பலகையில் இருந்தன, முதல் சொற்கள் அதற்குள் டின்னுக்குப் போயிருந்தன. இரண்டு நினைவும் பிரியும் இடத்தை ஒரு தாளில் கண்ணால் பார்க்கிறீர்கள்.

## அந்த எண் என்ன சொல்கிறது

குறைவாகத்தான் சொல்கிறது. தூக்கம் கெட்ட மறுநாள், பதற்றமாக இருக்கும் நேரம், பக்கத்தில் டிவி ஓடும் அறை, எதிலும் எண் இறங்கும். ஒன்று கூடுவதற்கும் குறைவதற்கும் பொருள் இல்லை. ஏழு வந்தவர் ஆறு வந்தவரைவிட அறிவாளி என்றும் ஆகாது. பிள்ளைகளை வைத்து ஒப்பிட்டு மனம் நோகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பயிற்சி செய்தால் கூடுமா? கூடும், ஆனால் எது கூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவர் சுமார் 20 மாதம் எண் வரிசையைப் பழகி, 7லிருந்து 79 இலக்கத்துக்குப் போனார். 1980ல் வெளியான ஆய்வு அது. அவர் ஓட்டக்காரர், எண்களைப் பந்தய நேரங்களாக மாற்றிக் கொத்துக் கட்டினார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறுதான் வந்தது. நம் தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லும் சதாவதானம் செய்து காட்டியதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் பலகை நம்முடையதைப் போன்றதே. தமிழ் முழுவதையும் டின்களில் அடுக்கி வைத்திருந்த உழைப்புதான் வேறு.

இனி புளிக்கு வருகிறேன். கடையில் யாரையாவது பார்த்தீர்களா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறார். அவர் மகளுக்கு நிச்சயம் ஆன கதையைக் கேட்டுக்கொண்டே சாமான் வாங்கியிருக்கிறார். பிறகு செய்ய வேண்டிய ஒன்றை, அந்த நேரம் வரும்போது நினைவுக்குக் கொண்டுவருவது தனி வேலை. அதற்குச் சரியான நொடியில் ஒரு தூண்டல் வேண்டும், கவனம் அங்கே இருக்க வேண்டும். கவனம் கல்யாணப் பேச்சில் இருந்தது. எந்த வயதிலும் நடப்பதுதான்.

ஆனால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய மறதியும் உண்டு. கேட்ட கேள்வியையே கொஞ்ச நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, தினம் செய்த சமையலின் வரிசை குழம்புவது, பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுவது. இவற்றை வீட்டில் எண் சொல்லிச் சோதித்துத் தீர்மானிக்கக் கூடாது. ஏழு எண்ணும் சரியாக வந்துவிட்டதே என்று விட்டுவிடவும் கூடாது. நீண்டகால நினைவு பழுதாகும்போதும் எண் வரிசை நன்றாக வரலாம் என்பதை மொலைசன் கதையில் பார்த்தோம். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கக்கூடும். அதனால் சீக்கிரம் போவது நல்லது. திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியம்மாவுக்கு இப்போது பயம் இல்லை. பேரனை உட்கார வைத்து எண் சொல்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஐந்துக்கு மேல் போகவில்லை என்று வருத்தமாகப் போன் செய்தார். பின்னால் கிரிக்கெட் சத்தம் கேட்டது.

"டிவியை நிறுத்திட்டு மறுபடி கேளுங்க பெரியம்மா" என்றேன். ஆறு வந்ததாம்.